தீபாவளிக்குள் தயாராக வேண்டும்: ஜாங்கோ கட்டமைப்பைப் பற்றி ஒரு மதிப்புரை

இணைய மென்பொருள் எழுதுவதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஜாங்கோ கட்டமைப்பு, தன்னைக் 'கெடு வைத்து வேலை செய்யும் முழுமைவாதிகளுக்கானது' என்று சொல்லிக்கொள்கிறது. விளம்பர வாசகத்தை நம்பிப் பொருள் வாங்கும் பழக்கம் எனக்கில்லை என்றாலும், எங்கள் தொழிலின் தீராத வழக்கு ஒன்றின் இரு தரப்பினரும் இந்த ஒரே வாசகத்துக்குள் நிற்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஒரு தரப்பில், ஓட்டை இருப்பது தெரிந்தும் அதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பாத பொறியாளர். மறு தரப்பில், சொன்ன தேதிக்கு மென்பொருள் வராவிட்டால் அந்தப் பருவத்து வியாபாரமே கைநழுவிவிடும் என்று அறிந்த முதலாளி. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெங்களூரில் சிறு, நடுத்தர வணிகர்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறு குழுவில் நான் வேலை செய்கிறேன். சிக்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரங்களை மொத்த விலைக்கு விற்கும் தமிழ் வணிகர் ஒருவருக்காக நாங்கள் ஜாங்கோவில் கட்டிய ஆர்டர் தளத்தை முன்வைத்து, அந்த வாசகம் எவ்வளவு தூரம் மெய் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

ஜாங்கோ ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது என்பது அதைப் புரிந்துகொள்வதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழுக்கு இணையப் பக்கங்களைக் கட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர், 2003ஆம் ஆண்டில் பிஎச்பி என்ற நிரல்மொழியைக் கைவிட்டுப் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறியபோது எழுதிய நிரல்களே பின்னாளில் ஜாங்கோவாகத் திரண்டன. 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பெயர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. காலையில் ஆசிரியர் கேட்டதை மாலைக்குள் வாசகர் முன் வைக்க வேண்டிய இடத்தில் அந்த நிரல் வளர்ந்தது. தகவலைச் சேமித்துவைக்கும் அட்டவணையைப் பொறியாளர் வடிவமைப்பார். அதில் செய்தியை நிரப்புபவர் நிரல் தெரியாத நிருபராக இருப்பார். இன்றைய ஜாங்கோவின் பலங்களும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்த வேலைப் பிரிவினையிலிருந்து வந்தவைதாம்.

எங்கள் வணிகருடைய தேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்நாடகத்துச் சிற்றூர்களிலும், ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலும் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் அவரிடம் சரக்கு எடுக்கிறார்கள். ஆர்டர்கள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து, நோட்டில் ஏறி, கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் குடம் அடுக்காக மாறிவிடுவதுண்டு. கடைக்காரர் உள்ளே நுழைந்து தமக்குரிய விலையைப் பார்த்துத் தாமே ஆர்டர் போடும் தளம் ஒன்று வேண்டும், அதுவும் 2025 தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்றார். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20.

எங்கள் குழுவிலோ வேறு ஆசைகள் இருந்தன. ஆர்டருக்கு ஒரு சேவை, இருப்புக்கு ஒரு சேவை, விலைக்கு ஒரு சேவை என்று மென்பொருளைக் கூறுபோட வேண்டும் என்றார் ஒருவர். பயனர் பார்க்கும் முன்பக்கத்தை ரியாக்ட் என்ற கருவியில் தனியாக எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும், மென்பொருளைப் பல கணினிகளில் பரப்பி ஓட்டும் குபர்நெட்டிஸில் ஓட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. அவுட்டர் ரிங் ரோட்டுப் பெருநிறுவனங்களில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்குத் தேவைப்படும் ஏற்பாடு, இந்த ஊரில் எல்லாப் பொறியாளர்களின் மனத்திலும் 'சரியான முறை' என்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; அடுத்த வேலைக்கான தன்விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ள உதவும் என்பதும் ஒரு காரணம் என்பதை நாகரிகம் கருதி யாரும் வெளியே சொல்வதில்லை. வணிகர் அண்ணாச்சியிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க எதுல வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா தீபாவளிக்கு மறுநாள் கொண்டாந்து கொடுத்தீங்கன்னா அதை நான் எந்தப் பரண்ல போட்டு வைக்கிறது?" என்று கேட்டார்.

இந்த இழுபறியை ஜாங்கோ தீர்க்கும் விதம் கவனிக்கத்தக்கது. பாதி செம்மை, பாதி வேகம் என்று அது பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. அவசரத்தில் பொறியாளர் வழக்கமாகக் கைவிடும் காரியங்களை முன்கூட்டியே முடிவு செய்து, செம்மையான வழியையே குறுக்கு வழியாகவும் ஆக்கிவைத்திருக்கிறது. கடவுச்சொல்லை அப்படியே தரவுத்தளத்தில் எழுதிவைக்கும் விபரீதம் இங்கே நேராது. நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது திரும்பப் படிக்க முடியாதபடி பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் உருமாற்றப்பட்டே சேமிக்கப்படும். வார்ப்புருவில் காட்டப்படும் எழுத்துகளில் தீங்கான நிரல் நுழைந்திருந்தால் அது செயலிழக்கச் செய்யப்பட்டே திரைக்கு வரும். வேறொரு தளத்திலிருந்து நம் பயனரின் பெயரில் போலிப் படிவம் அனுப்பும் தாக்குதலுக்கு எதிரான காவலும், தரவுத்தளக் கேள்விக்குள் வேற்றுக் கட்டளையை நுழைக்கும் தாக்குதலுக்கு எதிரான காவலும் கூடவே வருகின்றன. இவற்றை நீக்குவதற்குத்தான் மெனக்கெட வேண்டும். பாதுகாப்புக்குத் தனியாக இத்தனை நாள் வேண்டும் என்று முதலாளியிடம் நாங்கள் கேட்க நேரவில்லை. அவரும் மறுக்க நேரவில்லை.

ஜாங்கோவின் ஆகப் பெரிய கொடை அதன் அட்மின் பக்கம். அட்டவணையின் வடிவத்தை நாம் எழுதிவிட்டால், அதில் தகவல் சேர்க்கவும், திருத்தவும், தேடவும், வடிகட்டவும் தேவையான திரைகளை அதுவே உருவாக்கித் தருகிறது. இதன் உண்மையான மதிப்பு எங்களுக்கு ஜிஎஸ்டி விவகாரத்தில் விளங்கியது. வேலை தொடங்கிய நாள்களில் பாத்திரங்களுக்கு வரி 12 சதவீதம். அதை நிரலுக்குள் ஓர் எண்ணாக எழுதிவிட்டால் வேலை நிமிடங்களில் முடியும். வரி விகிதத்துக்கென்று தனி அட்டவணை, அதில் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற கட்டம், ஆர்டரின் ஒவ்வொரு உருப்படியிலும் அன்றைய விகிதத்தைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு என்று செய்வதுதான் பொறியியல் நெறி. மற்றொரு கட்டமைப்பாக இருந்திருந்தால், அந்த அட்டவணையை நிரப்புவதற்கு ஒரு திரை, அந்தத் திரைக்கு அனுமதிகள், சரிபார்ப்புகள் என்று வேலை நீண்டு, 'ஒரே ஓர் எண்ணுக்கு இவ்வளவா' என்ற கேள்வியில் யோசனை அடிபட்டுப் போயிருக்கும். ஜாங்கோவில் அதன் விலை சில வரி நிரல், அட்மினில் பதிவுசெய்ய மேலும் ஒரு வரி நிரல். விவாதிக்கவே தேவையில்லாத அளவுக்கு அது மலிவாக இருந்தது.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிடும் முடிவை அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் பாத்திரங்களுக்கு 5 சதவீதம் என்றாயிற்று. அண்ணாச்சியின் கணக்கர் அட்மின் பக்கத்தைத் திறந்து, 22ஆம் தேதியிட்டு ஒரு புதிய பதிவைச் சேர்த்து வைத்தார். அன்று காலை முதல் புது விகிதத்தில் பில்கள் போயின. கர்நாடகத்துக் கடைகளுக்கு மத்திய, மாநில வரிகளாக இரண்டரை இரண்டரை என்றும், ஓசூருக்கும் சேலத்துக்கும் ஒருங்கிணைந்த வரியாக 5 என்றும் பிரிந்தே போயின. அதற்கு முந்தைய விற்பனையில் திரும்பி வந்த சரக்குக்குப் பழைய விகிதத்திலேயே வரவுக் குறிப்பு எழுத முடிந்தது. நாங்கள் நிரலில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. பொறியாளரின் பிடிவாதம் முதலாளியின் இலாபமாக மாறும் தருணங்கள் அரிது; அட்மின் பக்கம் இல்லாவிட்டால் இதுவும் நிகழ்ந்திராது.

ஆனால் இதே அட்மின்தான் ஜாங்கோவில் மிகவும் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய பகுதியும். நிறுவனத்தின் உள்வேலைக்கான கருவியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும், முழுத் தளத்தையும் அதன் மேல் கட்டக் கூடாது என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. முதலாளிகளின் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. வேலை செய்யும் திரை ஒன்றைப் பார்த்துவிட்டால், 'இதையே கடைக்காரர்களுக்கும் கொடுத்துவிடலாமே' என்ற யோசனை உடனே பிறக்கிறது. அண்ணாச்சியும் கேட்டார். அட்மின் என்பது அட்டவணையை உள்ளபடி காட்டும் சாளரம். ஆர்டர் போடுதல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயல். முன்னதைப் பின்னதாக வளைக்கத் தொடங்கினால், அட்மினின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக மீறி எழுத வேண்டிவந்து, புதிதாக ஒரு பக்கம் எழுதுவதைவிடக் கூடுதலான வேலையில் போய் முடியும். கடைக்காரர்களுக்கான பக்கங்களை நாங்கள் தனியாகவே எழுதினோம்.

அட்மினில் வேறு சில குறைகளும் உண்டு. யார் எதைத் திருத்தினார் என்ற வரலாற்றை அது காட்டும். ஆனால் எந்தக் கட்டம் மாறியது என்று மட்டுமே சொல்லும், பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்று சொல்லாது. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசும் வியாபாரத்தில் விலை மாறியது என்ற செய்தியால் பயனில்லை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்பதுதான் கேள்வி. அதற்குத் தனித் துணைப்பொதி ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்வதால், கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மென்பொருள் எழுதுபவர்கள் இதை முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது. இன்னொரு குறை, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள அட்டவணையோடு இணைந்த கட்டம் ஒன்றிருந்தால், இயல்புநிலையில் அட்மின் அத்தனை பெயர்களையும் ஒரே கீழிறங்கு பட்டியலில் கொட்டிவிடும். பக்கம் திறப்பதற்குள் கணக்கர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். 2.0 பதிப்பில் வந்த தானியங்கி நிரப்பு வசதியை இயக்கினால் இது தீரும், ஆனால் நாமாகத்தான் இயக்க வேண்டும்.

தரவுத்தளத்தோடு பேசும் ஓஆர்எம் பகுதியைப் பற்றிப் பொறியாளர்களிடையே இரு கட்சிகள் உண்டு. தரவுத்தளத்தின் மொழியான எஸ்க்யூஎல்லை எழுதாமலேயே வேலை நடப்பதால் வேகம் கிடைக்கிறது என்பது ஒரு கட்சி; என்ன நடக்கிறது என்பது மறைந்துவிடுகிறது என்பது மறு கட்சி. ஆர்டர் பட்டியல் பக்கத்தில் நூறு ஆர்டர்கள் இருக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைக்காரரின் பெயரைக் காட்டச் சொன்னால், பட்டியலுக்கு ஒரு கேள்வியும் பெயர்களுக்கு நூறு கேள்விகளுமாகத் தரவுத்தளத்துக்கு நூற்றொரு கேள்விகள் போகும். 'செலக்ட் ரிலேட்டட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அனைத்தும் ஒரே கேள்வியாகிவிடும். பொறியாளரின் கணினியில் பத்து ஆர்டர்களை வைத்துச் சோதிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது என்பதுதான் சங்கடம். அது தெரியவரும் காலம் வியாபாரம் சூடுபிடிக்கும் காலம். டீபக் டூல்பார் என்ற துணைக்கருவி ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை கேள்விகள் போகின்றன என்று காட்டுகிறது. அதை முதல் நாளே பொருத்திவிடுவது நலம். பணத்துக்கும் எடைக்கும் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணைத் தவிர்த்து, தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் புலத்தையே எடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள் என்று நினைக்கிறேன்; பாத்திரம் எடைக்கு விற்பனையாவதால் கிலோவில் மூன்று தசம இடங்கள் எங்களுக்குத் தேவைப்பட்டன.

எந்த இடத்தில் பொறியியல் நெறியை விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதைக் கட்டமைப்பு நமக்குச் சொல்லித் தராது. எங்கள் வேலையில் இது இரண்டு இடங்களில், எதிரெதிர்த் திசையில் வெளிப்பட்டது.

முதலாவது, இருப்புக் கணக்கு. ஐம்பது குடங்கள்தாம் மிச்சம்; இரண்டு கடைக்காரர்கள் ஒரே நொடியில் ஆளுக்கு ஐம்பது கேட்கிறார்கள். ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும்படி, அட்டவணையில் அந்தச் சரக்குக்குரிய வரியைப் பூட்டிவைத்து இருப்பைக் குறைக்கும் வசதி ஜாங்கோவில் இருக்கிறது; எங்கள் குழுவில் ஒருவர் அதை முழுமையாக, கூடையில் போட்ட சரக்கைக் குறித்த நேரம் வரை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு வரைக்கும் கொண்டுபோக விரும்பினார். அண்ணாச்சியிடம் கேட்டபோது, "ஆர்டர் வந்ததும் கிடங்குலேர்ந்து போன் போட்டு, இது இல்ல, அது தரட்டுமான்னு கேட்கறதுதானே தம்பி எங்க வியாபாரம்?" என்றார். மொத்த வணிகத்தில் உறுதிப்படுத்துதல் என்ற படி ஏற்கெனவே இருக்கிறது. ஐம்பது குடத்துக்குப் பதில் நாற்பதும் பத்துத் தவலையும் என்று பேசி முடிப்பதில்தான் உறவும் நிற்கிறது. திரையில் காட்டும் இருப்பைத் தோராயமானது என்று குறித்துவிட்டு, கிடங்கிலிருந்து ஒப்புதல் வரும்வரை ஆர்டரை 'உறுதி செய்யப்படவில்லை' என்ற நிலையில் வைத்திருந்தோம். நெறி தவறவில்லை. வியாபாரத்தில் இல்லாத தேவை ஒன்றுக்கு மென்பொருள் எழுதாமல் தப்பித்தோம்.

இரண்டாவது, பில் எண். இதைப் பற்றி அண்ணாச்சி ஒன்றுமே கேட்கவில்லை. ஆர்டர் எண்ணையே பில் எண்ணாகப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவரும் நினைத்தார். ஜிஎஸ்டி விதிகளில் 46ஆவது விதி, பில்லின் எண் தொடர்வரிசையில் இருக்க வேண்டும், நிதியாண்டுக்குள் தனித்ததாக இருக்க வேண்டும், 16 எழுத்துருக்களைத் தாண்டக் கூடாது என்கிறது. ஜாங்கோ அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் தானாகத் தரும் எண், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் எண்வரிசையிலிருந்து வருவது. ஒரு பரிவர்த்தனை, அதாவது முழுதாக முடியவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய பதிவு வேலை, பாதியில் தோற்றுப் பின்வாங்கினாலும் எடுக்கப்பட்ட எண் திரும்பி வராது. ஆகவே 411க்குப் பின் 413 வரலாம். பொறியாளருக்கு அது இயல்பு, தணிக்கையாளருக்கு அது கேள்வி. இங்கே நாங்கள் சிறிதும் விட்டுக்கொடுக்காமல், எண்ணிக்கைக்கென்று தனி அட்டவணை வைத்து, பரிவர்த்தனைக்குள் 'செலக்ட் ஃபார் அப்டேட்' மூலம் அந்த ஒரு வரியைப் பூட்டி, எண்ணை எடுத்துப் பில்லை எழுதிய பிறகே விடுவிக்கும்படி செய்தோம். பில்கள் எல்லாம் அந்த ஒரு வரியில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் இது வேகத்தைக் குறைக்கும் முறைதான். ஒரு பாத்திரக் கிடங்கின் அளவுக்கு அந்தத் தாமதம் யார் கண்ணிலும் படாது. ஜாங்கோவைப் பாராட்ட வேண்டியது என்னவென்றால், முதல் இடத்தில் சும்மா இருக்கவும் இரண்டாம் இடத்தில் கறாராக இருக்கவும் ஒரே கருவியில் சில வரிகளே போதுமானவையாக இருந்தன.

அட்டவணையின் வடிவத்தை நடுவழியில் மாற்றும் மைக்ரேஷன் வசதி, முதலாளிகளின் திடீர் யோசனைகளுக்காகவே செய்யப்பட்டதோ என்று தோன்றும். 'ஒரே கடைக்கு ரெண்டு டெலிவரி அட்ரஸ் இருக்குமே' என்று வேலை பாதியில் இருக்கும்போது சொன்னால் முகம் சுளிக்கத் தேவையில்லை. 2014 செப்டம்பரில் வந்த 1.7 பதிப்பு வரை இதற்கு ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற வெளிப்பொதியைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரே கிக்ஸ்டார்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அந்தப் பதிப்பில் அந்த வசதியை ஜாங்கோவின் உள்ளேயே கொண்டுவந்தார். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வடிவ மாற்றம் பாதியில் தோற்றால் போஸ்ட்கிரெஸ் அனைத்தையும் பழையபடி ஆக்கிவிடும், மைஎஸ்க்யூஎல் அப்படிச் செய்யாமல் பாதி மாறிய நிலையிலேயே விட்டுவிடும். அதுவும் இரவு நேரத்தில் தனியாள் செய்யும் வேலையாக இருந்தால், இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

என் கடுமையான புகார் பயனர் அட்டவணையைப் பற்றியது. ஜாங்கோவில் இயல்பாக வரும் பயனர், பயனர்பெயர் கொண்டு உள்நுழைபவர். நம் ஊர்க் கடைக்காரர் யாரும் பயனர்பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கைபேசி எண்தான் அவருடைய அடையாளம். இதற்கென்று நாமே ஒரு பயனர் வடிவத்தை எழுதிக்கொள்ளலாம். ஆனால் முதல் மைக்ரேஷனுக்கு முன்பே எழுதிவிட வேண்டும், பிறகு மாற்றுவது பெருந்தொல்லை, ஏனெனில் மற்ற அட்டவணைகளெல்லாம் அதோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். இயல்பான பயனரே போதும் என்று தோன்றினாலும் புதிய திட்டத்தில் சொந்த வடிவம் ஒன்றை வைத்துக்கொள்ளும்படி ஆவணம் நெடுங்காலம் வலியுறுத்தி வந்திருக்கிறது. அவ்வளவு வலியுறுத்தியவர்கள், புதிய திட்டத்தைத் தொடங்கும் கட்டளையே அதைச் செய்து கொடுக்கும்படி ஏன் வைக்கவில்லை? செம்மையான வழியையே குறுக்கு வழியாக்கும் தன் கொள்கையை ஜாங்கோ இந்த ஓரிடத்தில் மறந்துவிட்டது.

இந்தியச் சூழலுக்குப் பொருத்திக்கொள்வதில் பெரிய தடை இல்லை, சிறு முட்கள் உண்டு. நேர மண்டலத்தை நாம் சொல்லாவிட்டால் ஜாங்கோவின் அடிப்படை அமைப்பு சிகாகோ நேரத்தை எடுத்துக்கொள்ளும். புதிய திட்டத்துக்கான மாதிரிக் கோப்பு உலகப் பொது நேரத்தை வைக்கிறது. இந்திய நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஜாங்கோவின் வழியாக எடுக்கும் அறிக்கைகள் சரியாக வரும். ஆனால் சேமிப்பு பொது நேரத்திலேயே இருப்பதால், அதைக் கருதாமல் நேரடி எஸ்க்யூஎல் எழுதி நாள்கணக்கு எடுப்பவர்களுக்கு, காலை ஐந்தரை மணிக்கு முன் வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் போய் விழும். விடிவதற்கு முன் ஆர்டர் போடும் கடைக்காரர்கள் உண்டு. இலட்சத்தை 1,25,000 என்று நம் முறையில் காற்புள்ளியிட்டுக் காட்ட 1.11 பதிப்பிலிருந்து வழி இருக்கிறது, சற்றுத் தேடிப்பிடித்து அமைக்க வேண்டும். ஜாங்கோ ஆதரிக்கும் மொழிகளில் தமிழும் கன்னடமும் இருக்கின்றன என்றாலும், தமிழ் அட்மினைத் திறந்தால் பல இடங்களில் ஆங்கிலமே எட்டிப்பார்க்கிறது. கிடங்கு ஆட்களுக்கான திரைகளின் சொற்களை நாங்களே எழுதினோம்.

ஆர்டர் வந்ததும் செய்தி அனுப்புதல், பில்லைப் பிடிஎஃப் ஆக்குதல் போன்ற பின்னணி வேலைகளுக்கு ஜாங்கோவில் நெடுங்காலம் சொந்த ஏற்பாடு இல்லை. வேலைகளை வரிசையிட்டு நடத்த உதவும் செலரி, ரெடிஸ் என்று இன்னும் இரண்டு மென்பொருள்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு அதற்கொரு பொது முகப்பைத் தந்திருக்கிறது. வேலையை எடுத்துச் செய்யும் பகுதியை இன்னமும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். எங்கள் தளத்தில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் என்ற கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுப்பிவிடும் ஒரு சிறு கட்டளை, அனுப்பாத செய்திகளைத் தேடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அழகான ஏற்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளி நெருக்கத்திலும் அது நின்றதில்லை.

நாளை வியாபாரம் பெருகினால் தாங்குமா என்று அண்ணாச்சியின் மகன் கேட்டார். இன்ஸ்டாகிராம் 2010இல் தொடங்கியபோதே ஜாங்கோவில்தான் ஓடியது என்பதும், 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை நூறு கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே 13 பேர்தாம் வேலை பார்த்தார்கள் என்பதும் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் விடை. அந்த விடையின் மறுபாதியையும் சொல்வதுதான் நேர்மை: பின்னாளில் அவர்கள் பைத்தானையே தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் போனார்கள். நொடிக்கு நொடி இரு தரப்பும் பேசிக்கொள்ளும் அரட்டை, நேரலை ஏலம் போன்ற தளங்களுக்கு ஜாங்கோவை நான் முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன், 3.1 பதிப்பு முதல், ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே மற்றொன்றைக் கவனிக்கும் ஒத்திசையாப் பக்கங்கள் எழுத முடிந்தாலும் அது அதன் தாய்வீடு அன்று. திரை ஏதுமில்லாமல் தகவல் மட்டும் தரும் சிறு சேவைக்கு ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கட்டமைப்பு இலகுவானது. பிஎச்பி தெரிந்தவர்கள் கையில் இருக்கும்போது அந்த மொழியின் கட்டமைப்பான லாரவெலை விட்டுவிட்டு இங்கே வரவும் அவசியமில்லை. கணக்கு, ஆர்டர், இருப்பு, விலை, அனுமதி என்று அட்டவணைகளாலேயே ஆன வணிக மென்பொருளை, சில பேர் கொண்ட குழு, பண்டிகைத் தேதி ஒன்றுக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன். அரை நட்சத்திரம் பயனர் அட்டவணைக்காகக் குறைத்தது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் மதிப்புரை முடியாது. ஜாங்கோ இலவசம். அதைப் பராமரிக்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை, 2014 முதல் சம்பளத்துக்கு ஆள் வைத்து, வழுக்களையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் கவனித்துக்கொள்கிறது. சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் நீண்டகாலப் பதிப்பு. ஒரு வசதியை நீக்குவதென்றால் அதற்கு முன் குறைந்தது இரண்டு பதிப்புகளில் எச்சரிக்கை காட்டுகிறார்கள். நாங்கள் எடுத்தது 2025 ஏப்ரலில் வந்த 5.2, அதற்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. இந்தத் தேதிகள் முன்கூட்டியே அச்சிட்டாற்போல் தெரிந்திருப்பதை நான் ஒரு வணிக வசதியாகவே கருதுகிறேன். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஊகத்துக்குப் பதில் தேதியை எழுத முடிகிறது.

"மென்பொருள் இலவசம்னு சொன்னீங்க, அப்புறம் வருஷா வருஷம் காசு எதுக்கு?" என்று அண்ணாச்சி கேட்கத்தான் செய்தார். பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுவதற்கு ஒரு தொகை, அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கு மாறுவதற்குத் தனித் தொகை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியபின், முதலாவதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு அவர் சேர்த்த நிபந்தனை, அந்த வேலையை ஆடி மாதத்தில்தான் செய்ய வேண்டும் என்பது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க யாரும் வர மாட்டார்கள், தளம் ஒரு நாள் நின்றாலும் பாதகமில்லை. 6.2 என்ற அடுத்த நீண்டகாலப் பதிப்பு 2027 ஏப்ரலில் வரும் என்று ஜாங்கோவின் கால அட்டவணை சொல்வதால், அந்த ஆண்டு ஆடி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.